கண்ணகி ஆகாது, நெடுஞ்செழியன் மட்டும் ஆகுமா?

ஒரு சின்னக் கேள்வி. சிலப்பதிகாரத்துல தப்பு பண்ணினது யாரு? அரசியோட சிலம்பைத் திருடிட்டு பழியைக் கோவலன் மேல போட்ட பொற்கொல்லன். ஒரு விசாரணைகூட இல்லாம ஆளைக் கொல்லச் சொன்ன பாண்டியன் நெடுஞ்செழியன். சரி, எந்தத் தப்பும் பண்ணாம எல்லாத்தையும் இழந்தது யாரு? கண்ணகி.

இப்போ உங்க தெருவுல, உங்க ஆபீஸ்ல எண்ணிப் பாருங்க. செழியன் எத்தனை பேர், இளஞ்செழியன் எத்தனை பேர், பாண்டியன் எத்தனை பேர்! நாராயணசாமியா பொறந்த ஒருத்தர் ஆசைப்பட்டு நெடுஞ்செழியன்னு மாத்திக்கிட்டு, 1969-லயும் 1987-லயும் தமிழ்நாட்டுக்கு இடைக்கால முதலமைச்சராவே இருந்தார். "ஐயோ, தப்பா தீர்ப்பு சொல்லி சிம்மாசனத்துலயே செத்த ராஜா பேராச்சே, ராசியில்லையே"ன்னு ஒருத்தராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்லை.

ஆனா பொண்ணுக்குக் கண்ணகின்னு பேர் வைக்கப் போறேன்னு சொல்லிப் பாருங்க. வீட்டுல எழவு விழுந்த மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க.

மேட்டர் இதுதான் மக்களே. எங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கா. நானும் தங்கமணியும் ஆறு மாசமா பேர் எழுதி, அடிச்சு, மறுபடி எழுதி, கடைசியில ரெண்டு பேர்ல வந்து நிக்கிறோம். நான் சொல்றது கண்ணகி. அவ சொல்றது மணிமேகலை. ரெண்டுல எதுன்னு நாங்க சண்டை போட்டுக்கறது எங்க சந்தோஷம். ஆனா நடுவுல ஒரு பட்டாளமே புகுந்து ரெண்டுமே கூடாதுங்குது பாருங்க, அங்கதான் எனக்கு பி.பி. ஏறுது.

பெரியம்மா: "கண்ணகியா? கோவலன் மாதிரி புருஷன் வாய்க்கணுமாடா புள்ளைக்கு? முதல்ல வாயைக் கழுவு."

மாமா: "மணிமேகலையா? கணிகை வயித்துல பொறந்தவ, கல்யாணமே வேணாம்னு பிட்சுணியா போனவ. படிச்சவங்க, தெரிஞ்சே வைப்பீங்களா மாப்ளே?"

அதாவது ஒருத்தி கல்யாணம் பண்ணிக் கஷ்டப்பட்டதால ஆகாது. இன்னொருத்தி கல்யாணம் பண்ணிக்காததால ஆகாது. என்ன கொடுமை சார் இது!

சரிங்க, உங்க வழிக்கே வர்றேன். கதையில கஷ்டப்பட்டவங்க பேரை வைக்கக் கூடாதுங்கறது ஒரு விதின்னே வச்சுக்குவோம். விதின்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும் இல்லையா? ராமன் பதினாலு வருஷம் காட்டுல அலைஞ்சார். அபிமன்யு மீசை முளைக்கிற வயசுல சக்கரவியூகத்துக்குள்ள மாட்டிச் செத்தான். கர்ணனைப் பெத்தவளே ஆத்துல விட்டா. அரிச்சந்திரன் சுடுகாடு காத்தார். தர்மர் நாட்டையும் தம்பிகளையும் வச்சு ஆடினது பத்தாதுன்னு பொண்டாட்டியையும் வச்சு சூதாடினார். நம்ம ஊர்ல ராமன் இல்லாத தெரு உண்டா? அபிமன்யு இப்போ ஸ்டைலான பேரு. தர்மராஜ்னு பேர் உள்ள மாப்பிள்ளை வந்தா "பொண்ணை வச்சு ரம்மி ஆடிடுவாரோ"ன்னு எந்தப் பொண்ணு வீட்டுக்காரராவது பயந்திருக்காரா?

ஆம்பளைப் பேர்னா கஷ்டம் வீரமாயிடுது, தியாகமாயிடுது. பொம்பளைப் பேர்னா அதே கஷ்டம் தோஷம் ஆயிடுது. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்"னு பழமொழியே இருக்கே. நட்சத்திரம் ஒண்ணுதான். பையன்னா அரசு, பொண்ணுன்னா நாசம். இந்த ஒரு வரிக்காக எத்தனை பொண்ணுங்க ஜாதகம் திரும்பி வந்திருக்கும்? பேர் விஷயமும் அதே பழமொழிதான், வேற சட்டை போட்டு வருது.

அடுத்து நியூமராலஜி. சித்தப்பா ஒருத்தர் "கண்ணகி வேணும்னா இங்கிலீஷ்ல இன்னொரு 'என்' சேத்துக்கோ, சரியாயிடும்"னாரு. ஆணி புடுங்குற பொழப்புல இருக்கறவன்கிட்ட வந்து கணக்கு சொல்லலாமா? உக்காந்து போட்டுப் பாத்தேன். நம்ம ஊர்ல பரவலா இருக்கிற கீரோ முறைப்படி கே 2, ஏ 1, என் 5, ஜி 3, ஐ 1. கண்ணகியைக் கூட்டினா 18, அதாவது 9. சித்தப்பா சொன்ன மாதிரி இன்னொரு 'என்' சேத்தா 23, அதாவது 5. அதே பேரை 'ஜி'க்குப் பதிலா 'கே' போட்டு எழுதினா 17, அதாவது 8. எட்டுன்னா சனின்னு அலறுவாங்க.

இப்போ யோசிங்க. தமிழ்ல அது ஒரே 'கி'. நாம அதை ஜி போட்டு எழுதறோம். ஈழத்துக்காரங்க நிறைய பேர் கே போட்டு எழுதறாங்க. ஒரே பொண்ணு, ஒரே பேரு. சென்னையில இருந்தா 9, யாழ்ப்பாணம் போனா 8! விசாவோட சேத்து விதியையும் ஸ்டாம்ப் அடிச்சுக் குடுப்பாங்க போல :) சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா இது படு மட்டமான ஹாஷ் ஃபங்ஷன். உலகத்துல இருக்கிற எண்ணூறு கோடிப் பேரையும் ஒன்பது டப்பாவுல அடைச்சுட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு ஜாதகம் எழுதி வச்சிருக்காங்க. இதை நம்பி என் பொண்ணு பேர்ல மூணு 'என்' போட்டா, வாழ்நாள் பூரா "மேடம், ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா"ங்கற கேள்விக்குப் பதில் சொல்லியே அவ ஓஞ்சு போவா.

இதுல வேடிக்கை என்னன்னா, கண்ணகியை வேணாங்கற இதே ஜனங்கதான் விழுந்து விழுந்து கும்பிடுது. திருவனந்தபுரம் ஆற்றுகால் அம்மனைக் கண்ணகியா நினைச்சுத்தான் லட்சக்கணக்கான பொம்பளைங்க தெருவெல்லாம் பொங்கல் வைக்கறாங்க. கேரள எல்லையில மலை உச்சியில இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்னிக்கு மட்டும்தான் விடுவாங்க, அதுக்கு என்னா கூட்டம்! மட்டக்களப்புப் பக்கம் வைகாசியில கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடறாங்க. சிங்களவங்க அவளையே பத்தினி தெய்வம்னு கும்பிடறாங்க. கோயில்ல இருக்கலாம், காவியத்துல இருக்கலாம். தொட்டில்ல மட்டும் இருக்கக் கூடாது.

கோயிலை விடுங்க, மெரினாவுல நின்ன சிலையையே விடலையே. 1968-ல உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வச்ச சிலை. 2001 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. லாரி மோதிடுச்சுன்னு சொன்னாங்க. வாஸ்து சரியில்லைன்னு ஊரே பேசிக்கிச்சு. 2006 ஜூன்லதான் மறுபடி வந்து நின்னா. கையில சிலம்போட நியாயம் கேக்கறவளைப் பாத்தா நமக்கு ஏதோ உறுத்துது போல.

"அட போப்பா, பேர்ல என்ன இருக்கு, இதுக்கு இவ்ளோ டென்ஷனா"ன்னு கேப்பீங்க. இருக்கு சார். பேரை வச்சே பொண்ணுங்களைக் காயப்படுத்தின ஊருங்க இது. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்கள்ல "வேண்டாம்"னே பொண்ணுங்களுக்குப் பேர் வச்சிருக்காங்க. தெக்கத்திப் பக்கம் "போதும்பொண்ணு". மகாராஷ்டிராவுல இதே அர்த்தத்துல "நகுஷி". சதாரா மாவட்டத்துல மட்டும் 2011-ல 280-க்கும் மேல பொண்ணுங்களுக்கு அந்தப் பேரை மாத்தி வேற பேர் வச்சாங்க. அவங்க அப்பா அம்மா வச்ச பேர்ல ராசி பாக்கலையா? பாத்தாங்க. அடுத்தது பையனா பொறக்கணும்ங்கற ராசி. பொண்ணுக்கு வைக்கிற பேர்ல பொண்ணைத் தவிர மத்த எல்லாரோட நல்லதும் இருக்கு.

எனக்கு உண்மையிலேயே பயம் எதுலன்னா, இந்த லாஜிக் பேரோட நிக்காது. கோவலன் போனான், பொற்கொல்லன் திருடினான், ராஜா கொன்னான், ஆனா 'ராசியில்லாதவ' கண்ணகி. இதையே கொஞ்சம் நீட்டுங்க. புதுசா கல்யாணம் ஆகி வந்த வீட்டுல மாமனாருக்கு உடம்பு முடியாமப் போனா "இவ கால் வச்ச நேரம்". புருஷன் வேலை போனா "இவ ராசி". நாளைக்கு என் பொண்ணுக்கு யாராவது அநியாயம் பண்ணினாலும் இதே வாய்ங்க அவளைத்தான் திருப்பிக் கேக்கும். அடிபட்டவளைப் பாத்து அபசகுனம்னு சொல்ற புத்தியை அவ தொட்டில்ல இருந்தே ஆரம்பிச்சு வைக்க எனக்கு மனசில்லை.

இப்போ எங்க சண்டைக்கு வர்றேன். தங்கமணி கண்ணகியை எதிர்த்தா. ஆனா ராசின்னு ஒரு வார்த்தை சொல்லலை. அவ கேட்டது இது: "கண்ணகியோட நியாயம் பூரா புருஷனைச் சுத்தியே இருக்கு. அவன் செத்த பிறகுதானே வாய் தொறக்கறா? மதுரையில எரிஞ்ச வீடுகள்ல இருந்தவங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

நான் விடலை. கணவன் திரும்பி வரணும்னா ரெண்டு குளத்துல முழுகி காமவேள் கோயில்ல கும்பிடுன்னு தோழி தேவந்தி சொன்னப்பவே, அது பெருமையில்லைன்னு மறுத்தவ அவ. ராஜசபையில அழுது புலம்பி ஜெயிக்கலை. என் சிலம்புக்குள்ள மாணிக்கம்னு சொல்லி, உடைச்சுக் காட்டி ஜெயிச்சா. ராஜாவோட சிலம்புல முத்து. இதைவிட சுத்தமா ஒரு கேஸை யாரும் வாதாடினதில்லை. கற்புக்கரசின்னு போஸ்டர் ஒட்டினது நாம, அவ செஞ்ச வேலை அது இல்லைன்னேன்.

"எல்லாம் சரி, மணிமேகலையைப் பாரு"ன்னா. துரத்தித் துரத்தி வந்த ராஜகுமாரனை வேணாம்னு சொன்னா. வத்தாத அமுதசுரபியை வச்சுக்கிட்டு பசிச்சவங்களுக்கெல்லாம் சோறு போட்டா. ராஜாகிட்ட வரம் கேக்கற வாய்ப்பு வந்தப்போ நகை கேக்கலை, சிறைச்சாலையை அறச்சாலையா மாத்தச் சொன்னா. எல்லாச் சமயத்துக்காரங்ககிட்டயும் போய்க் கேள்வி கேட்டு, தனக்கு எதுன்னு தானே முடிவு பண்ணினா. பேர் வச்ச கதையும் காவியத்துலயே இருக்கு. கடல்ல தன் முன்னோரைக் காப்பாத்தின தெய்வத்தோட பேரைக் கோவலனே பொண்ணுக்கு வச்சான். நாள், நட்சத்திரம், கூட்டுத்தொகை ஒண்ணும் பாக்கலை. நன்றிக்காக வச்ச பேரு.

பெத்தவ அவ. வாதமும் அவளோடது பலமா இருக்கு. அதனால மணிமேகலை.

மாமா, பெரியம்மா, சித்தப்பா கவனத்துக்கு: கண்ணகியை நாங்க விட்டது உங்க ராசிக்குப் பயந்து இல்லை. அப்படி ஒரு வதந்தி சொந்தக்காரங்களுக்குள்ள ஓடுச்சுன்னா ரெண்டாவது பொண்ணுக்குக் கண்ணகிதான், சொல்லிட்டேன்.

பிறப்பைப் பதிஞ்சாச்சு. பேரை 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேத்துக்கலாம்னு டைம் இருக்கு. நாங்க இந்த வாரமே போறோம். ம, ணி, மே, க, லை. அஞ்சே எழுத்து. யார் வந்து சொன்னாலும் ஒரு எழுத்துகூட எக்ஸ்ட்ரா போடறதா இல்லை.