வீடு மாறலாம், வாக்கு மாறலாமா?



பிரித்தானியாவில் வாழும் நம் மக்களிடையே வீடு மாறுவது வழக்கமான ஒன்றாகிவிட்டது. வாடகை ஏறுகிறது, வீட்டுக்காரர் வீட்டை விற்க முடிவு செய்கிறார், பிள்ளைக்கு வேறோர் ஊரில் பள்ளி அமைகிறது. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் இருந்த குடும்பங்கள் லூட்டனுக்கும் மில்டன் கீன்ஸுக்கும் பெயர்கின்றன. கட்டில், பீரோ, சமையல் பாத்திரங்கள் என ஒவ்வொன்றையும் எண்ணி வண்டியில் ஏற்றும் நாம், பழைய முகவரியில் செய்துகொண்ட பிராட்பேண்ட் ஒப்பந்தத்தை மட்டும் மறந்துவிடுகிறோம். புது வீட்டுக்கு வந்த சில நாள்களில் அது பில்லாக நம்மைத் தேடி வருகிறது.

நாமும் இச்சோதனைக்கு ஆளானோம். நாம் குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம் 12 மாதங்களுக்கானது; இணைய இணைப்புக்கான ஒப்பந்தமோ 24 மாதங்களுக்கானது. மாதக் கட்டணம் சற்றுக் குறைவு என்பதற்காக அதை எடுத்தோம். இரண்டு எண்களும் பொருந்தவில்லையே என்று அன்று நாம் யோசிக்கவில்லை. பதின்மூன்றாம் மாதம் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. புது வீடு இருந்த தெருவில் அந்நிறுவனத்தின் இணைப்பே இல்லை. “எங்களால் அங்கே சேவை தர இயலாது. ஆயினும் எஞ்சிய மாதங்களுக்கான விலகல் கட்டணம் 312 பவுண்டு” என்றார்கள்.

அந்த வாரம் நம் நலம் நாடும் ஒரு சகோதரர் சொன்னார்: “டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிடுங்கள் ஹஜ்ரத். புது வீட்டில் உங்களை யார் தேடப்போகிறார்கள்? வீட்டம்மா பெயரில் வேறு கம்பெனியில் இணைப்பு எடுத்துக்கொள்ளுங்கள். காஃபிர் கம்பெனிதானே!” அருகில் நம் மகன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலைதான் மதரஸாவில் நயவஞ்சகனின் அடையாளங்களைப் பாடமாக நடத்தியிருந்தோம்: பேசினால் பொய், வாக்களித்தால் மீறல், நம்பினால் மோசடி. பாடம் கேட்டவர்களில் அவனும் ஒருவன். அவனுடைய பார்வை நம் முகத்தில் நிலைத்திருந்தது.

மறைக்காமல் சொல்வதானால், அந்த யோசனை நமக்கு ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது. 312 பவுண்டு ஒரு மதரஸா ஆசிரியருக்குச் சிறிய தொகை அன்று. இதே நிலை பல குடும்பங்களுக்கும் வருவதால், இதுபற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒப்பந்தத்தில் மதம் பார்ப்பதில்லை

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே, நம்பிக்கை கொண்டோரை அழைத்து, ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிடுகிறது. மறுதரப்பு யார் என்ற வேறுபாடு அங்கே இல்லை. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, அபூ ஜந்தல் (ரலி) விலங்குகளோடு தப்பி வந்து முஸ்லிம்களிடம் அடைக்கலம் கேட்டார். மக்காவிலிருந்து வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் விதி. மறுதரப்பில் அமர்ந்திருந்தவரோ அவருடைய தந்தை சுஹைல். நபி (ஸல்) அவர்கள் பொறுமை காக்குமாறு அவருக்கு ஆறுதல் கூறித் திருப்பி அனுப்பினார்கள். சஹாபாக்களின் உள்ளம் கொதித்தது. எனினும் வாக்கு காப்பாற்றப்பட்டது. இறைமறுப்பாளர்களோடு, அதுவும் போர் தொடுத்தவர்களோடு செய்த உடன்படிக்கையின் கண்ணியம் அது. இணைய இணைப்புக்காக நாம் இட்ட கையொப்பம் அதைவிட எளிதாக உதறத்தக்கதா?

ஃபிக்ஹ் கூறுவது

சேவைக்குக் கூலி தரும் இவ்வகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹ் நூல்கள் ‘இஜாரா’ என்ற தலைப்பில் பேசுகின்றன. நம் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், ஒருவருடைய சொந்தக் காரணத்தால் இஜாரா முறிவதில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ இதற்கு மூன்று உதாரணங்களைத் தருகிறது: குளியலறை நடத்துபவருக்கு விறகு கிடைக்காமல் போவது, வாடகைக்கு எடுத்தவர் பயணம் செல்ல நேர்வது, பயணத்துக்கு வாகனப் பிராணி அமர்த்தியவர் நோயுறுவது. ஊர் பெயர்கிறவனின் வழக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது!

ராவுத்தர் சமூகத்தார் உள்ளிட்டோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹப் இங்கே இலகு தருகிறது. தொடர்ந்தால் தீங்கு நேரும் எனும் அளவுக்குத் தக்க காரணம் இருந்தால் இஜாராவை முறிக்கலாம் என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆனால் அது சொல்லாமல் கொள்ளாமல் ஓடுவதற்கான அனுமதி அன்று. மேலும், இடையில் விலகினால் இன்ன தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அதை நாம் ஏற்றுக் கையொப்பமிட்டும் இருக்கிறோம்.

“விலகல் கட்டணம் வட்டியைப் போன்றதுதானே, அதை ஏன் தர வேண்டும்?” என்று கேட்போரும் உண்டு. 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இவ்விஷயத்தை ஆராய்ந்தது. கடனைத் தாமதமாகச் செலுத்துவதற்குக் கூடுதல் தொகை விதிப்பது வட்டியாகும், அது கூடாது. ஆனால் கடன் அல்லாத ஒப்பந்தங்களில், உண்மையாக நேர்ந்த இழப்பை ஈடுசெய்யும் நிபந்தனை வைக்கலாம் என்று அது முடிவு செய்தது. ஆகவே விலகல் கட்டணம் முழுவதையும் ஹராம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அதே வேளை, ‘உண்மையான இழப்பு’ என்ற சொல்லை நன்றாக நினைவில் வையுங்கள். அது நமக்குரிய உரிமை.

கேட்பதும் கடமையே

வாக்கைக் காப்பது என்றால் வாய்மூடிச் செலுத்துவது என்று பொருளில்லை. இந்நாட்டின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் நியாயமற்ற நிபந்தனைகளை ஏற்பதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வழிகாட்டுதலின்படி, விலகல் கட்டணம் எஞ்சிய மாதங்களின் தொகையை மீறக்கூடாது. நாம் விலகுவதால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவையும் அதிலிருந்து கழிக்க வேண்டும்.

நாம் அக்கணக்கை எழுத்தில் கேட்டோம். வந்தபோது பார்த்தால், மாதம் 26 பவுண்டு வீதம் 12 மாதங்களுக்குக் கணக்கிட்டிருந்தார்கள். உண்மையில் எஞ்சியிருந்தவை 11 மாதங்களே. நாம் முன்கூட்டியே செலுத்திவிட்ட மாதத்தையும் சேர்த்திருந்தார்கள். சுட்டிக்காட்டியதும் 286 பவுண்டாகத் திருத்தினார்கள். மூன்று தவணைகளில் செலுத்த அனுமதி கேட்டோம், கிடைத்தது. கடைசித் தவணையைச் செலுத்தியபோது மகனையும் அருகில் அழைத்து வைத்துக்கொண்டோம்.

ஓடி ஒளிந்திருந்தால் அந்தத் தவறு வெளிப்பட்டே இராது. செலுத்தாத பாக்கி கடன் பதிவேட்டில் ஏறினால், ஆறு ஆண்டுகள் அங்கேயே நிற்கும். அடுத்த வீட்டை வாடகைக்குக் கேட்கும்போது அதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும். மறுமையின் கேள்வியோ அதற்கப்பால் இருக்கிறது.

எனவே நம் மக்கள் சில விஷயங்களைக் கைக்கொள்ள வேண்டும். கையொப்பமிடும் முன், வாடகை ஒப்பந்தத்தின் காலத்தையும் இணைப்பின் காலத்தையும் ஒப்பிடுங்கள். நிலையற்ற வாடகை வீட்டில் இருப்போருக்கு, சற்றுக் கூடுதல் விலையானாலும் மாதாந்தர ஒப்பந்தமே பாதுகாப்பானது. ‘வீடு மாறினால் என்ன ஆகும், புது முகவரியில் சேவை இல்லையெனில் என்ன கட்டணம்’ என்று முதல் நாளே கேளுங்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ எடுத்த ஒப்பந்தத்தை 14 நாள்களுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. வீடு மாறுவது உறுதியானதும் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பழைய ஒப்பந்தத்தைப் புது வீட்டுக்கு மாற்றும்போது புதிதாக 24 மாதங்கள் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். ரூட்டரைத் திருப்பிக் கேட்டால் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அது அமானிதம். முறையீடு தீராவிட்டால் கட்டணமின்றி விசாரிக்கும் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுவோர் சமூகக் கட்டணத் திட்டங்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்க இயலாத முதியோர்களும், அண்மையில் இந்நாட்டுக்கு வந்த குடும்பங்களும் நம்மிடையே இருக்கிறார்கள். விற்பனையாளர் திரையில் காட்டிய இடத்தில் விரலை வைத்துவிட்டு, பிறகு அழுகிறார்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் நீண்ட வசனம், தானே எழுதிச் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்கிறது. ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம், படித்த இளைஞர் இருவர் பள்ளிவாசலில் அமர்ந்து இத்தகைய தாள்களை வாசித்துக் காட்டினால், அதுவும் ஒரு தர்மமே.

இறுதியாக, நிறுவனங்களுக்கும் ஒரு சொல். வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னதால் பெயரும் குடும்பத்திடம், தாமே சேவை தர இயலாத முகவரிக்காகக் கட்டணம் வாங்குவது சட்டப்படி இருக்கலாம். நீதியாக நமக்குத் தோன்றவில்லை. வருந்துகின்றவரின் வியாபாரத்தை மனமுவந்து திரும்ப ஏற்பதை நம் மார்க்கம் ‘இகாலா’ என்கிறது. அவ்வாறு ஏற்பவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்பது நபிமொழியின் கருத்து. இதை ஆஃப்காமிடமும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் வெளிப்படையாக எடுத்துச் சொல்வோம். நம்மில் வீட்டையும் கடையையும் வாடகைக்கு விடுவோர் இகாலாவைத் தம்மிலிருந்தே தொடங்கட்டும்.

ஒப்பந்தங்களை அறிந்து செய்யவும், செய்தவற்றை நிறைவேற்றவும், பிள்ளைகள் முன் சொல்லும் செயலும் ஒன்றாக வாழவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.