கயிறும் பெட்ரோலும் ஒரே சாக்குல...

ஆபீஸ்ல ஆணி புடுங்கற வேலை ஓவராகிப் போனதால ரொம்ப நாளா எதுவும் எழுதல. இன்னிக்கு எழுத வெச்சது ஒரு கோணிச் சாக்கு.

எங்க வீடு குருசுக்குப்பத்துல. 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் கரையைக் கடந்தப்ப நான் ஸ்கூல் பையன். வெளில வந்து பாத்தா தெருவெல்லாம் மரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல மழை. அதுலேருந்து காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே எங்க தெருவுல எல்லாரும் மரத்தைத்தான் அண்ணாந்து பாக்கறாங்க. மழைக்காலம் வர்றதுக்குள்ள கிளையக் கழிச்சு விடணும்னு மரம் வெட்டறவங்களுக்கு ஏக கிராக்கி.

எங்க மாடிமேல சாஞ்ச வேப்பங்கிளைய வெட்ட ஒரு அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்ல வந்தார். முன்னாடி ஒரு சாக்கு. உள்ள கைவிட்டு ஒண்ணொண்ணா எடுத்தார். மரம் அறுக்கற மெஷின், உறை இல்லாம. தண்ணி பாட்டில்ல பெட்ரோல், டூ-டி ஆயில் கலந்தது. பாட்டில் உருளாம இருக்க அதைச் சுத்தி மெத்தை மாதிரி சுருட்டி வெச்சிருந்தது... அவர் ஏறப் போற கயிறு, இடுப்பு பெல்ட்டு!

கயிறை மோந்து பாத்தேன். பெட்ரோல் பங்க்ல நிக்கற மாதிரி இருந்துது.

"அண்ணே, இதுலயா ஏறப் போறீங்க?"

"இருபது வருஷமா இப்டித்தான் தம்பி. ஒண்ணும் ஆவாது."

அன்னிக்கு ஒண்ணும் ஆகலதான். ஆனா நான் கீழ நின்ன ரெண்டு மணி நேரமும் கிளையப் பாக்கல, கயிறைத்தான் பாத்துட்டிருந்தேன்.

உண்மையச் சொன்னா, பெட்ரோல் பட்டதும் நைலான் கயிறு பட்டுனு அறுந்துடாது. அதான் வில்லங்கமே. அறுந்தா தூக்கிப் போட்டுடுவோம். அறுக்காம, ஆயில் பிசுக்கு மட்டும் கயித்துல தங்கும். பிசுக்குல மண்ணு ஒட்டும். எங்க ஊர்ல மண்ணுன்னா கடற்கரை மணல். அது கயித்துக்குள்ள போய் ஒவ்வொரு இழுப்புக்கும் நாரை அரத்தால ராவற மாதிரி ராவும். உறை இல்லாத செயினோட பல்லு இன்னொரு பக்கம். நைலான் வகையைப் பொறுத்து 220லேருந்து 260 டிகிரில உருகும். இப்பதான் அறுத்து நிறுத்தின மெஷினோட சைலன்சர் சூடு அதையும் தாண்டும். அந்தச் சூட்டோட சாக்குக்குள்ள போட்டா, பக்கத்துலயே பெட்ரோல் பாட்டில். எல்லாத்தையும்விட மோசம் பேட்டரி ஆசிட். நைலானை உள்ளுக்குள்ள அரிச்சுடும், வெளில பாத்தா கயிறு புதுசு மாதிரியே இருக்கும்.

'எங்க குப்பத்துல போட்ல டீசலும் கயிறும் ஒண்ணாத்தான்யா கெடக்கு'ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். நியாயமான கேள்வி. ஆனா படகுக் கயிறு அறுந்தா வேற கயிறு போட்டுக்கலாம். மரத்து மேல அறுந்தா போறது ஒரு ஆளு. எங்க பொழப்புல, கோடும் அதோட பேக்கப்பும் ஒரே டிஸ்க்ல இருந்தா மேனேஜர் காய்ச்சிடுவார். அங்க போறது டேட்டா மட்டும்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச பாதுகாப்பும் இல்லீங்க. நம்ம பனையேறிங்க அரிவாளை அதுக்குன்னு செஞ்ச பெட்டில போட்டு இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் ஏறுவாங்க. வெட்டறது தனி, தாங்கறது தனி. மெஷின் வந்ததும் வேலை வேகமாச்சு, அந்தப் பழக்கம் போச்சு.

பெரிய செலவும் இல்ல. கயிறும் பெல்ட்டும் தனிப் பையில, வெயில் படாம, வீட்டுக்குள்ள. மெஷின் ஆறினப்புறம் டேங்கைக் காலி பண்ணி, செயினுக்கு உறை போட்டு வேற எடத்துல. பெட்ரோல் மூடி இறுகின உலோக கேன்ல, நிமித்தி வெச்சுக் கட்டி. 1934 பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு இல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரைக்கும் வெச்சுக்க லைசென்ஸ் வேணாம். ஆனா கண்ணாடி, பீங்கான் மாதிரி சுட்ட மண், உலோகம்னு மூணு வகைப் பாத்திரம்தான் அதுல சொல்லிருக்கு. தண்ணி பாட்டில் அந்த லிஸ்ட்ல இல்ல. கார் டிக்கில ஏத்தறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், கீழயே தேங்கி நிக்கும். மெஷினுக்கு பெட்ரோல் ஊத்தின எடத்துலேருந்து பத்தடி தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணணும். பெட்ரோலோ ஆசிட்டோ ஊறின கயிறைத் துவைச்சுக் காயப் போட்டு ஏறக்கூடாது. துண்டு துண்டா வெட்டிப் போட்டுடணும், இல்லன்னா வேற யாராவது எடுத்து ஏறிடுவாங்க.

இதுல அந்த அண்ணனை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ரேட்டுல எரநூறு ரூவா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசினது எங்க வீடுதான். கயிறு எப்ப வாங்கினீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. நாம குறைக்கற எரநூறு ரூவா அவரோட கூலிலேருந்து மட்டும் போகல, புதுக் கயிறுலேருந்தும் போகுது. வேலைக்குக் கூப்பிடற நாமதான் இதை முதல்ல கேக்கணும், கேட்டா அதுக்கான காசையும் சேத்துக் குடுக்கணும்னு நான் நினைக்கறேன்.

கடைசில பேரம் பேசின காசைத் திருப்பிக் குடுத்து, என் பழைய காலேஜ் பையையும், மூடி போட்ட ஒரு தகர கேனையும் குடுத்தேன். அந்தக் கயிறை மாத்திடுங்கண்ணேன்னு சொன்னேன். "பாக்கறேன் தம்பி"ன்னு சிரிச்சுட்டுப் போனார். மாத்தினாரான்னு தெரியல. அடுத்த தடவை வந்தா, ரேட்டு கேக்கறதுக்கு முன்னாடி கயிறைத்தான் மோந்து பாக்கப் போறேன்.

டிஸ்கி: உங்க வீட்டுக்கு ஆள் வந்தா நீங்களும் மோந்து பாருங்க மக்களே. ஒரு மாதிரியா பாப்பாங்க, பரவால்ல :-)