கடல் முள்ளெலியும் அதன் அயலாரும்

வையைக் கரையிலுள்ள கோச்சடையில் வளர்ந்து, ஆற்று மணலையன்றிப் பிறிதறியாத யான் கடல்வாழ் உயிரொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைத்தனர். "தமிழ் பயிலும் உமக்குக் கடல் முள்ளெலியால் ஆவதென்ன?" என்பது அவர் வினா. நம் வையையும் இராமநாதபுர நிலத்தைக் கடந்து கடலை நோக்கியே செல்கின்றது. அக்கடலில் நிகழ்வது நமக்குப் புறம்பானதன்று.

கடல் முள்ளெலியாவது உருண்டை ஓட்டின்மேல் எங்கும் முட்கள் நிறைந்த ஓர் உயிர். தென்கடற் பாறைப் பிளவுகளிலும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகளிலும் வாழ்வது. காலில் முள் தைக்கும் இதனை வலைஞர் விரும்பார். ஆயினும் பாறையைப் போர்க்கும் பாசியை மேய்ந்து, இளம் பவள உயிர்கள் பற்றி வளர இடஞ்செய்வது இதன் தொழில்.

இதன் இனப்பெருக்கம் வியப்புடையது. ஆண் பெண் என்னும் வேறுபாடு உண்டு. எனினும் புறத்தோற்றத்தால் அதனை அறிதல் அரிது. இவை ஒன்றையொன்று தழுவுவதில்லை. பருவம் வந்துழி, உச்சியிலுள்ள ஐந்து துளைகளின் வழியே பெண் முட்டைகளையும் ஆண் விந்தணுக்களையும் கடல் நீரில் விடுகின்றன. ஒன்று விடத் தொடங்கின், அது அயலிலுள்ளவற்றையும் தூண்டும். சூயசுக் கடலில் வாழும் நீள்முள் இனம், வேனிற்காலத்தில் முழுமதியை ஒட்டி இவ்வாறு செய்கின்றதென மன்றோ பாக்சு என்னும் அறிஞர் 1924-இல் எடுத்துக் காட்டினார். அவ்வினம் நம் வளைகுடாவிலும் உளது. பாறைதோறும் சிதறிக் கிடக்கும் உயிர்கட்கு நிலவே நாள் குறித்துக் கொடுக்கின்றது போலும்!

ஒரு பெண் இலட்சக்கணக்கில் முட்டையிடும். "ஆதலின், சிலவே எஞ்சினும் இனம் விரைவில் பெருகிவிடுமன்றோ?" என்பார் உளர். ஈண்டே அவர் பிழைபடுகின்றனர். அலை விந்தணுக்களைக் கணப்பொழுதில் சிதறடிக்கின்றது. சில முழத் தொலைவு கடப்பதற்குள் அவை மிக அருகிவிடுகின்றன. அயலில் துணையில்லாத பெண் எத்துணை முட்டை சொரிந்தும் பயனில்லை. கருவுற்ற முட்டையினின்று தோன்றும் இளவுயிரும் பல நாள் நீரில் மிதந்து, பெரும்பாலும் பிறவற்றிற்கு இரையாகி, மிகச் சிலவே பாறையை அடையும்.

இதற்குக் கரீபியக் கடலே சான்று. 1983-இல் பனாமாவில் தொடங்கிய ஒரு நோய், ஏறத்தாழ ஓராண்டிற்குள் அக்கடலிலிருந்த நீள்முள் முள்ளெலிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றை மாய்த்தது. பாசி பரந்து பவளத்தை மூடிற்று. எஞ்சியவை உயிரோடிருந்தும், பற்பல ஆண்டுகள் கழிந்தும் பழைய தொகையை எய்தவில்லை. அவை ஒன்றற்கொன்று சேய்மைப்பட்டமை அதற்கொரு காரணமென அறிஞர் கருதுவர்.

மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டமை போற்றத்தக்கதே. ஆயினும், "இவ்வினம் இன்னும் உளது" என்று ஏட்டில் எழுதி நாம் அமைதல் கூடாது. "எத்துணை நெருக்கமாக உளது?" என்று வினவுதல் வேண்டும். பாறை உடைபடாதிருத்தலும், கூட்டம் கலையாதிருத்தலும் காவலின் உயிர்நிலை. முள்ளெலி அளவின்றிப் பெருகினால் பவளத்தையே அரித்துவிடும் என்பதும் மெய்யே. ஆதலின் அதனை உண்ணும் மீன்களையும் உடன் காத்தல் வேண்டும்.

ஓர் இனத்தின் கடைசி உயிர் மடியும் நாளில் அவ்வினம் அழிகின்றது என்றே யானும் எண்ணியிருந்தேன். அன்று, அயலார் எட்டாத் தொலைவினராகிய நாளிலேயே அவ்வழிவு தொடங்கிவிடுகின்றது. இதனை அறிந்தபின் என் நண்பர் நகையார் என நம்புகின்றேன்.