காடி அறுக்கும் பல்லும் கல்விப்புலத்தின் மௌனமும்

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். இவர்களுள் தச்சுத் தொழில் செய்வோரின் சொற்களைச் சேகரித்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பட்டியலிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதாகக் கருதுகிறோம். அச்சொற்களுக்குள் இருக்கும் அறிவைப் பாடமாக எழுதாதவரை அக்கடமை முடியாது என்பது என் கருத்து.

மரத்தில் காடி எடுப்பதையே சான்றாகக் கொள்வோம். பலகையைத் துண்டாக்கும் அறுப்புக்கு அடித்தளம் இல்லை, காடிக்கு உண்டு. எனவே பிளேடின் பல் வடிவம் இங்கே முதன்மை பெறுகிறது. இடமும் வலமும் மாறிமாறிச் சரிந்த பற்கள், காடியின் அடியில் இரு ஓரங்களிலும் மெல்லிய கீறல்களை விட்டுச்செல்லும். நுனி தட்டையான பற்கள் அடியைச் சமதளமாக்கும். ஆனால் இழைக்குக் குறுக்கே ஓடும்போது ஓரத்தைச் சிலும்பாக்கும். அதனால் அறுக்குமுன் இருபுறமும் கத்தியால் கோடு கீறி நாரைத் துண்டித்துவிட வேண்டும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் எஃகுப் பல் விரைவில் மழுங்கும். கார்பைடு பல் நெடுநாள் தாங்கும். ஒரு காடிக்குள் வடிவியலும் தாவரவியலும் பொருளறிவியலும் அடங்கியுள்ளன.

இவ்வறிவு எழுத்தில் பரவாமையின் விலையை விரல்கள் செலுத்துகின்றன. உலோகம் தேய்க்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் பூட்டிக் காடி எடுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்வது. தேய்க்கும் கல் உராயும்; பல்லோ மரத்தைக் கவ்வும். கவ்விய கணமே இயந்திரம் கையை மீறி எம்பும். பிளேடு தாங்கும் உச்ச வேகம் அதன் முகத்தில் அச்சிடப்பட்டிருக்கும்; இயந்திரத்தின் வேகம் அதனை விஞ்சலாகாது. அந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. வேகம் பொருந்தினாலும், ஆழத்தையும் நேர்கோட்டையும் நிலைநிறுத்தும் அமைப்பில்லாத அப்பொறி காடிக்கு உரியதன்று.

அன்றாடக் கூலிக்கு உழைப்பவர் வேறு இயந்திரத்துக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடித்தட்டும் வழிகாட்டிச் சட்டமும் கொண்ட வட்டரம்பத்தைப் பலர் கூடிப் பொதுவில் வாங்கலாம்; சில காடிகள் மட்டுமே எனில் காடி இழைப்புளி போதும். எதை எப்போது எடுப்பது என்ற தெளிவுக்குத்தான் நூல் தேவை.

தமிழ்த் துறைகளும் பொறியியல் துறைகளும் தச்சர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சிறு கையேட்டை உருவாக்கட்டும். அதற்குப் புதிய கலைச்சொல் தேட வேண்டியதில்லை; காடி, இழைப்புளி, சிலும்பு என அவர்கள் நாவிலேயே சொற்கள் உள்ளன. அந்நூலின் முதல் ஆசிரியராகத் தச்சரின் பெயரே இடம்பெற வேண்டும்.