பள்ளியின் எல்லை எதுவரை?

மாணவர்கள் பள்ளிக்கு வெளியே மது அருந்துகிறார்களா எனப் பள்ளிகளே சோதிக்க வேண்டும் என்னும் கோரிக்கை அக்கறையில் பிறந்ததே. பெற்றோரின் அச்சமும் பொய்யன்று. ஆயினும் அச்சோதனை எதைச் செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூச்சுச் சோதனை சில மணி நேரத்திற்கு முன் அருந்தியதையே காட்டும். சனிக்கிழமை இரவு அருந்தியதைத் திங்கட்கிழமை காலை அறியச் சிறுநீரில் எத்தில் குளுகுரோனைடைத் தேட வேண்டும். அது 3 நாள்கள் வரையிலான செய்தியைச் சொல்லக்கூடும். கைகளில் தடவிய சானிடைசரையும் சில வேளைகளில் மதுவெனக் காட்டிவிடும். வகுப்பறையைக் காக்கப் புறப்பட்ட பள்ளி, இவ்வாறு மாணவரின் வீட்டுக்குள் நுழைகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை வயதுவந்தோருக்கு மட்டும் உரியதன்று.

சிறாருக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. சட்டத்தின் பார்வையில் குற்றம் கொடுத்தவருடையது; சிறார் பாதுகாக்கப்பட வேண்டியவர். சோதனையிலோ கொடுத்தவரை எவரும் கேட்பதில்லை. மாணவரே சிறுநீர்க் குப்பியுடன் வரிசையில் நிற்கிறார்.

அஞ்சும் மாணவர் மறைக்கவே கற்பார். அவர் தாமாக வந்து பேசத்தக்க ஓர் ஆலோசகரை நியமிப்பதே பள்ளியின் முதற்கடமை.