நோன்புக் கஞ்சிக்கு முற்றத்துத் தழை



நன்னிலம், கூத்தாநல்லூர், அடியக்கமங்கலம் என நம் பக்கத்து ஊர்களில் எந்த இல்லத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சினாலும், பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் நேரத்தோடு வந்து சேர்ந்துவிடும். அஸர் நேரத்தில் கையைப் பிசைய வைப்பவை மல்லியும் புதினாவும்தாம். நெல்லுக்குப் பெயர்பெற்ற மண்ணில் இருந்துகொண்டு, ஒரு கட்டுத் தழைக்கு வெளியூர் வண்டியை எதிர்பார்த்து நிற்கிறோம்.

2016 முதல் 2019 வரை மே, ஜூன் வெயிலில் நோன்பு நோற்றோம். அந்த வெயில் மல்லிக்கு ஆகாது. இலை செழிக்குமுன் தண்டு நீண்டு பூத்துவிடும். சந்தையில் விலையும் ஏறிவிடும். ஆனால் பிறைக் கணக்கின் ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், ரமலான் இப்போது குளிர்காலத்தை நோக்கி நகர்ந்து வருகிறது. கணக்கின்படி 2027-இல் பிப்ரவரி 8, 9 வாக்கில் தொடங்கும். 2030-இலோ ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் இறுதியில் மறுமுறை. இவை மல்லிக்கு உகந்த மாதங்கள். விதைத்த 40 நாளில் பறிக்கலாம். ஆகவே தலைநோன்புக்கு 40 நாள் முன்னதாக முதல் தொட்டியும், பத்து நாளுக்கு ஒன்றாக அடுத்தடுத்த தொட்டிகளும் விதைத்தால் மாதம் முழுவதும் தழை குறையாது.

விலை மட்டுமன்று காரணம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகச் சோதனைகளில் கறிவேப்பிலை, புதினா போன்ற கடைத் தழைகளில் பூச்சிமருந்தின் எச்சம் பலமுறை தென்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதல் சோதனைக்குரிய பொருள்களின் பட்டியலில் வைத்தது. தண்ணீரில் அலசினால் எச்சம் ஓரளவு குறையும், முழுதும் போகாது. குழந்தைகள் முதல் நோன்பு பிடிக்கும் இல்லங்களில் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வயல்மண் களி. ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். தொட்டியில் தனியே போட்டால் வேர் அழுகும். ஒரு பங்கு மண்ணுடன் ஒரு பங்கு மக்கிய ஆட்டெருவும் ஒரு பங்கு மணலும் கலக்கச் சொல்வார்கள். ஆற்று மணல் இன்று விற்கும் விலையில் அதற்கு யார் போவது? அரிசி ஆலையில் கிடைக்கும் உமியைக் கருக்கிச் சேருங்கள், போதும். ஒளூச் செய்த நீரில் சோப்பு இராது என்பதால் அதைச் செடிக்கே விடலாம். அரிசி கழுவிய நீரும் நன்று.

மல்லி விதைக்கு அஞ்சறைப்பெட்டியே போதும், சரக்கு பழையதாக இல்லாவிட்டால். ஒவ்வொரு மணியிலும் இரண்டு விதைகள் இருப்பதால், உள்ளங்கைக் கட்டையால் மெல்லத் தேய்த்துப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு நாளில் முளைக்கும். பிடுங்கி நடக் கூடாது. ஆணிவேர் அறுந்தால் செடி தேறாது. மார்கழி வரை நம் பக்கம் மழை அடித்துப் பெய்யுமாதலால் தொட்டி தாழ்வாரத்து ஓரத்தில் இருக்கட்டும்.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். கடைக்கட்டில் இலை ஆய்ந்த பின் எறியும் தண்டுகளில் தடித்தவற்றைக் குவளை நீரில் நிறுத்தினால் சில நாள்களில் வேர் விடும். அரைநிழலும் ஈரமும் போதும். தனித் தொட்டி கொடுங்கள், இல்லையேல் அண்டைச் செடியை விழுங்கிவிடும்.

ரம்பையை அறியாத நெய்ச்சோறு நம் பக்கத்தில் உண்டா? சிங்களத்தில் ரம்பே, மலாயில் பண்டான். பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள்தான் இந்த இலையிலும் இருக்கிறது. இது விதை தருவதில்லை. பக்கக் கன்றைப் பிரித்தே நட வேண்டும். எனவே இதைக் கடையில் தேடுவதைவிட, வைத்திருக்கும் லாத்தா ஒருவரிடம் கேட்பதே வழி.

இனிச் சட்டிக்கு வருவோம். ரம்பையைத் தாளிப்பிலேயே முடிச்சிட்டுப் போடுங்கள்; அது வேகவேக மணம் இறங்கும். புதினாவில் பாதியை வெங்காயத்தோடு வதக்கி, மீதியைத் தேங்காய்ப்பால் ஊற்றும்போது சேருங்கள். மல்லித்தழையின் மணமோ சூட்டில் விரைவில் ஆவியாகிவிடும். தொடக்கத்திலேயே அள்ளிப் போட்டுக் கொதிக்கவிடுவது வீண். இலையை அடுப்பணைத்த பின் தூவி மூடி வைக்க வேண்டும். தண்டை எறியாதீர்கள், இஞ்சி பூண்டோடு அரைத்தால் கைமாவுக்கு ஏற்ற விழுது. மிஞ்சும் புதினா, பருப்பு வடைக்குத் துவையலாகும்.

பெருநாள் கழிந்தபின் ஒரு தொட்டி மல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். மணிகள் பழுப்பேறியதும் அறுத்து நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். அடுத்த ஆண்டு விதை அதுவே.