பிளாட்டினம்: நகைக்கு மட்டுமல்ல

பிளாட்டினம் என்றதும் நகைக்கடை விளம்பரம்தான் ஞாபகம் வரும். ஆனால் கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக கேன்சர் வார்டுகளில் ஊசி வழியாக ஏறிக்கொண்டிருப்பதும் அதே உலோகம்தான். மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின்.

இது பிறந்த கதையே தமாஷ். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர் பாக்டீரியாக்களில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அவை இரண்டாகப் பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போயின. மின்சாரத்தின் வேலை என்று தேடினால், குற்றவாளி மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம்! செல் பிரிவதைத் தடுக்கிற சரக்கு கட்டியையும் தடுக்குமே என்று யோசித்தார். 1978-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. (இந்தச் சேர்மத்தை இத்தாலிக்காரர் மிக்கேலே பெய்ரோனே 1840-களிலேயே செய்து வைத்துவிட்டார். அது மருந்தாகும் என்று அப்போது யார் கண்டது?)

நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, சுற்றி இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரின். குளோரின்கள் அடுத்தடுத்து இருக்கவேண்டும். செல்லுக்குள் போனதும் அவை கழன்றுகொள்ள, அந்த இடத்தில் டி.என்.ஏ. மாட்டிக்கொண்டு வளைகிறது. செல்லால் நகலெடுக்க முடிவதில்லை. அதே குளோரின்களை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். அணுக்கள் அதேதான், ஆனால் மருந்தாக வேலைக்காகாது. உலோக மருந்தை 'வடிவமைப்பது' என்றால் இந்த அளவு நுணுக்கம்.

விலையும் உண்டு: கிட்னி பாதிப்பு, காது மந்தம், கடும் வாந்தி. கிட்னியைக் கொஞ்சம் விட்டுவைக்கும் கார்போபிளாட்டின் பிறகு வந்தது. ருத்தேனியத்தில் செய்த சேர்மங்கள் மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை போயும், ஒன்றுகூட இதுவரை விற்பனைக்கு வரவில்லை.

புது உலோகம் தேடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கையில் இருக்கும் மருந்தைத் தடையில்லாமல் தயாரிப்பதை யாரும் ஆராய்ச்சியாகவே மதிப்பதில்லை. காப்புரிமை முடிந்த சரக்கு, லாபம் குறைவு, தயாரிப்பாளர்களும் சிலரே. 2022 கடைசியில் குஜராத்தில் ஒரே ஒரு தொழிற்சாலை தரச் சோதனையில் மாட்டி உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவின் சிஸ்பிளாட்டினில் ஏறத்தாழ பாதி அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்ததாம்! 2023-ல் அங்கே டாக்டர்கள் யாருக்கு முதலில் கொடுப்பது என்று பட்டியல் போடவேண்டி வந்தது. குணமாக வாய்ப்புள்ளவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு மிஞ்சினால். கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் பாக்கியில்லாத ஒரு மருந்துக்கு! சீனாவிலிருந்து அவசரமாக வரவழைத்தும், தட்டுப்பாடு தீர்ந்தது என்று அறிவிக்க 2024 ஜூன் ஆகிவிட்டது.